ஒற்றைத் தலைவலி: இதயத் துளையும் மூளைப் புள்ளிகளும்



கருவில் எல்லாருக்கும் இதய மேலறைகளுக்கு நடுவே சிறு துளை இருக்கும். பிறந்தபின் மூடிக்கொள்ளும், 4 பேரில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்களிடம் இது அதிகம். ஆனால் 2008-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், துளையை அடைத்தவர்களுக்கும் அடைக்காதவர்களுக்கும் தலைவலி நின்றதில் வேறுபாடு இல்லை.

மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் என்றால் கலங்காதீர்கள். ஒற்றைத் தலைவலியோடும் வரும். வயதாலும், உயர் இரத்த அழுத்தத்தாலும் வரும். வயதைக் குறைக்க முடியாது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

50 வயதுக்குமேல் புதிதாகத் தலைவலி தொடங்கினால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், ஜொகூரில் எங்கிருந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள்.