தாங்குவோரைத் தாங்குவோம்

(இடையஞ்சாவடியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உடற்குறைகளை எட்டு வகையாக எண்ணிச் சொல்கிறது புறநானூற்றின் 28ஆம் பாட்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளைக் குறிக்கிறது. பட்டியல் வளர்ந்துள்ளது, எனினும் அதில் இடம்பெறாத ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவரே பராமரிப்பவர், பெரும்பாலும் தாய். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளை எண்ணியது. அவர்களை நீராட்டி, உணவூட்டி, இரவில் விழித்திருப்போரை எவரும் எண்ணவில்லை. பிள்ளைக்கு என்ன குறை என்று வினவுவோர் பலர். தாய் எப்போது உறங்கினாள் என்று வினவுவோர் இலர்.

மரக்காணத்து உப்பளங்களில் வெயிலேறுமுன்பே வேலை தொடங்கிவிடும். மூளை முடக்குவாதமுடைய குழந்தையை விட்டுவிட்டு அந்நேரத்தில் புறப்படத் தாயால் இயலாது. அவள் கூலி நிற்கிறது; மருந்துச் செலவோ ஏறுகிறது. இயன்முறைப் பயிற்சிக்காகப் புதுவைக்கோ விழுப்புரத்துக்கோ சென்றுவரும் நாளில் தந்தையின் கூலியும் போகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்குத் தமிழக அரசு வழங்கும் மாத உதவி 2,000 ரூபாய் பேருதவியே. ஆயினும் இவ்விழப்பு முழுவதையும் அது ஈடுசெய்யாது.

வழி காட்டியோர் நம்மிடையே உண்டு. மூளை முடக்குவாதமுடைய மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனமே இன்றைய வித்யாசாகர். பெற்றோரைப் பயிற்சியில் பங்காளராகக் கொள்வது அதன் நெறி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அதன் பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கிறார்கள். பயிற்சி வீட்டுக்கு வந்தால் கூலிநாள் காக்கப்படும், தாயும் கற்றுக்கொள்வாள்.

எல்லாவற்றினும் கொடியது ஓர் அச்சம்: எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கே எழுந்தது. புறஉலகச் சிந்தனையின்மை, மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையும் அது தழுவும். 18 வயது நிறைந்தவர்க்குச் சட்டப்படியான காப்பாளரை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும். பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு ஆகியோர் விண்ணப்பிக்கலாம். அச்சட்டத்தின் கீழான நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பெற்றோர் நலமாயிருக்கும்போதே இவற்றைச் செய்தல் வேண்டும்.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானம் கூறும் மரபில் வந்தோர் நாம். முதல் மூன்றுக்கும் பொருள் வேண்டும். அபயத்துக்கு மனிதர் வேண்டும். வாரத்தில் அரைநாள் அக்குழந்தையின் அருகே அமர்ந்து தாய்க்கு ஓய்வளிக்க ஒருவர். விண்ணப்பம் எழுதி ஆட்சியர் அலுவலகம் வரை உடன்செல்ல ஒருவர். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அப்பிள்ளையையும் சேர்த்தே அழைக்க ஓர் ஊர். இம்மூன்றும் கிடைத்தால் ‘எமக்குப் பின் யார்’ என்று கலங்கும் வீட்டுக்கு, ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று விடைசொல்லும் தகுதி நமக்கு வரும்.