தண்ணீர்ப் பந்தலும் பக்தர் நலமும்



2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய அறுவரில் ஒருவருக்கு இனிப்புநீர் உண்டு. இந்தியரிடையேதான் அது மிகுதி.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025 ஜனவரியில் அது 90 சென் ஆயிற்று. ஆனால் அந்த வரி கடைப் புட்டியைத்தான் தொடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் நாம் அண்டாவில் கரைக்கும் சீனியைத் தொடாது. அதற்கு நாமே பொறுப்பு.

என் தம்பி பல்லாண்டுகள் நம் பாயான் பாரு அன்பர்களோடு நின்று சர்பத் ஊற்றியவன். இனிப்புநீரால் இடக்காலை இழந்து, சென்ற பூசத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தான். “அண்ணே, வெறுந்தண்ணி இருக்கா?” என்று கேட்டான். பந்தல் முழுவதும் தேடினேன். தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் இல்லை!

ஆகவே சீனி மூட்டை தருவதாக நேர்ந்துகொண்ட அன்பர்களை வேண்டுகிறேன்: அதில் பாதியைக் குடிநீராகவும் மோராகவும் மாற்றித் தாருங்கள். சுவாமிக்குரிய நைவேத்தியம் குறையாது. 40 வயதைக் கடந்து, அரசாங்க உதவித்தொகை பெறுவோர் ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வரும் பூசத்தில் என் தம்பிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கட்டும். முருகன் துணை.