கேமராவுக்குச் சாதி தெரியாது, கம்பம் நடுகிறவனுக்குத் தெரியும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்துல ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "ரோட்டுல வேகம் பிடிக்கிற கேமரா வைக்கிறானே, அதப் பத்தி நம்ம நிலைப்பாடு என்ன?" பலபேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கார்க்காரன் கட்டுற ஃபைனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் ஒரு தோழர் ஃபூக்கோவை எடுத்து வைத்தார். கண்காணிப்பு, அரசு, அதிகாரம், ஆகவே எதிர்க்க வேண்டும். அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. எங்கள் காலனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலை போகிறது. அதைக் கடக்கும்போதுதான் என் பெரியம்மா செத்துப்போனாள். களை எடுத்துவிட்டுத் தலையில் புல்லுக்கட்டோடு வந்தவள். அடித்த வண்டி எது என்று இன்றுவரை தெரியாது. எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதி மூடினார்கள். அந்த இடத்தில் வண்டிகளின் வேகத்தை யாராவது தட்டிக் கேட்டிருந்தால் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. விதி என்றோம், முனி அடித்தது என்றோம். அதனால் இந்த இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஃபூக்கோ தோழருக்கு ஒரு வார்த்தை. நம்மைக் கண்காணிக்க யாருக்கும் கேமரா தேவைப்பட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாலு பேருடைய கண் போதும். ஊர்த்தெருவில் எவன் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறான், எவன் புது பைக்கில் ஹாரன் அடிக்கிறான் என்று அந்தக் கண் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. அது பதிவுசெய்கிற குற்றத்துக்கு அப்பீல் கிடையாது. ஆக, கண்காணிப்பா இல்லையா என்பது நம் கேள்வி இல்லை. யார் பார்க்கிறான், எதைப் பார்க்கிறான் என்பதுதான்.

இந்த விஷயத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் இங்கிலாந்துக்காரனுக்கு இருக்கிறது. கேமராவும் உண்டு, மாட்டிக்கொண்டவனுக்கு வகுப்பும் உண்டு. இரண்டையும் பற்றி அங்கே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கருவியைச் செய்தவர் மாரிஸ் கட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர். கார் பந்தய வீரர். 1953இல் மாண்டி கார்லோ பந்தயத்தில் ஜெயித்தவர். வளைவில் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளந்து, இன்னும் வேகமாகப் போவதற்காகச் செய்த கருவி அது. வேகத்தைக் கூட்டப் பிறந்தது கடைசியில் போலீஸ் கைக்குப் போனது. (நம்ம பசங்க கதை எழுதினால் இப்படி எழுத மாட்டார்கள், நம்பும்படியாக இல்லை என்பார்கள்.) 1991இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. 1992இலிருந்து ரோட்டோரம் அந்தப் பெட்டி நிற்கிறது.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. 2005இல் அரசு வெளியிட்ட நான்கு வருஷ ஆய்வில், கேமரா இருந்த இடங்களில் செத்தவர்கள், படுகாயம் பட்டவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கு 42 குறைந்திருந்தது. இந்தக் கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது. விபத்து அதிகமான வருஷம் பார்த்து ஓர் இடத்தில் பெட்டியை வைத்தால், அடுத்த வருஷம் தானாகவே கொஞ்சம் குறையும். அதைக் கழிக்க வேண்டும். கழித்தாலும் மிஞ்சுகிறது. 2010இல் காக்ரேன் அமைப்பு பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாவும் படுகாயமும் தந்த விபத்துகள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்திருந்தன. ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகிற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகமானி முள் லேசாக நகர்ந்தால் இங்கே ஒரு பாடை கூடுதல்.

சரி, சாகிறவர் யார்? என்னைத் தூங்கவிடாத கணக்கு இதுதான். 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2003 வரை செத்த குழந்தைகளைப் பற்றியது. உயர் உத்தியோகத்தில் இருக்கிற பெற்றோரின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், நெடுங்காலம் வேலையே இல்லாத பெற்றோரின் குழந்தைகள் ரோட்டில் நடந்துபோகும்போது வண்டியில் அடிபட்டுச் சாகிற விகிதம் 20 மடங்குக்கும் மேல். பணக்கார நாடு, நடைபாதை இருக்கிற நாடு, ஆஸ்பத்திரியில் காசு கேட்காத நாடு. அங்கேயே இப்படி. ரோடு எல்லோருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவனுக்கும் கால் தேயப் போகிறவனுக்கும் அது பொதுவாக இல்லை.

ஆனால் அங்கே பத்திரிகைகளில் கேட்கிற சத்தம் வேறு. வண்டியோட்டிகள் மீது போர் தொடுக்கிறார்கள், கேமரா காசு பறிக்கிற யந்திரம் என்று கூச்சல். கூச்சல் முழுப்பொய்யும் இல்லை. 2000இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: அபராதத்திலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்று. பிடித்தால்தான் செலவுக்குப் பணம் என்றால் எவன் சும்மா இருப்பான்? 2007இல் அதைக் கைவிட்டார்கள். சந்தேகம் மட்டும் போகவில்லை.

இப்போ நியாயத்துக்கு வருவோம். கேமராவில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அது பேசாது. நான் பைக்கில் போகும்போது நிறுத்துகிற போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்பார். ஊர் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். மூன்றாவது கேள்விக்குள் அவர் குரல் மாறிவிடும், 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். இதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். அமெரிக்காவில் இந்த மூன்று கேள்விகூடக் கிடையாது, தோலைப் பார்த்தால் போதும். ஃபிலாண்டோ காஸ்டைல் என்று ஒருவர், மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சின்னச் சின்னக் காரணம் சொல்லி நாற்பது தடவைக்கு மேல் அவர் காரை நிறுத்தியிருக்கிறார்கள். 2016 ஜூலையில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியபோது போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். 2017இல் சுட்டவருக்கு விடுதலை. பெட்டி சுடாது. நம்பரைப் படம் பிடித்துக் கடிதம் அனுப்பும், அவ்வளவுதான்.

அதனால் யந்திரம் நடுநிலையானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே அமெரிக்காவில் சிகாகோ நகரம். 2022 ஜனவரியில் புரோபப்ளிகா பத்திரிகை அபராதக் கணக்கை எடுத்து அலசியது. கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிக் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அபராதச் சீட்டு போயிருக்கிறது. கேமரா நிறம் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பகுதிகளின் வழியாகத்தான் அகலமான ரோடுகளையும் விரைவுச்சாலைகளையும் போட்டிருந்தார்கள். நடைபாதை குறைவு, ரோடு அகலம், கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். வேகமாகப் போகச்சொல்லி ரோடு போட்டுவிட்டு, அங்கேயே வேகத்துக்கு ஃபைன். கட்டாவிட்டால் தொகை ஏறும். அபராதக் கடன் தாங்காமல் கறுப்பின மக்கள் திவால் மனு போடுவதை அதே பத்திரிகை 2018இல் எழுதியிருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதே சிகாகோவில் அந்தக் கேமராக்கள் சாவையும் படுகாயத்தையும் குறைத்திருக்கின்றன. இரண்டும் உண்மை. நமக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கை வேண்டும்.

அபராதத் தொகைக்கு வருகிறேன். பிரிட்டனில் கேமராவில் சிக்கினால் 100 பவுண்டு, லைசென்ஸில் 3 புள்ளி. மூன்று வருஷத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போகும். 100 பவுண்டு எல்லோருக்கும் 100 பவுண்டு. கேட்டால் சமத்துவம் என்பார்கள். நான் பேங்க்காரன், இந்தச் சமத்துவம் எனக்குப் பழக்கம். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று நான் வேலை பார்த்த கிளையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி வந்த அன்றைக்கே அதில் பிடிப்பு. "ஏன் சாமி என் காசு குறையுது?" என்று ஒரு அம்மா கவுண்டரில் நின்று கேட்டபோது, ரூல் எல்லோருக்கும் ஒன்றுதாம்மா என்று சொன்னவன் நான்தான். லட்சம் வைத்திருந்த எவரிடமும் அந்த ரூல் ஒரு பைசா பிடித்ததில்லை.

பின்லாந்தில் வேறு முறை இருக்கிறது. 1921 முதல் அங்கே வருமானத்தைப் பார்த்து நாள்கணக்கில் அபராதம். வேகம் ரொம்ப மிஞ்சினால் அதுதான். 2002இல் ஒரு செல்போன் கம்பெனி இயக்குநர் ஐம்பது கிலோமீட்டர் ரோட்டில் எழுபத்தைந்தில் போனதற்கு 1,16,000 யூரோ போட்டார்கள். வருமானம் இறங்கிவிட்டதென்று காட்டி அப்பீலில் குறைத்துக்கொண்டார், அது அவர்கள் சாமர்த்தியம். இருந்தாலும் வலி எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் யோசித்திருக்கிறது.

அடுத்து இந்த வகுப்பு. பிரிட்டனில் வேகம் கொஞ்சமாக மிஞ்சியிருந்தால் (30 மைல் ரோட்டில் 35 முதல் 42 வரை) புள்ளிக்குப் பதிலாக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகலாம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான். கட்டணம் ஏறக்குறைய அபராதத் தொகையே. மூன்று மணிநேரம் உட்கார்ந்து கேட்டால் லைசென்ஸ் சுத்தம். 2018இல் அரசுக்காக இப்சாஸ் மோரி நிறுவனம் செய்த ஆய்வில், வகுப்புக்குப் போனவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி மாட்டுவது 12 முதல் 23 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து குறைந்ததா என்றால், உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

வகுப்பை நான் கேலி செய்ய மாட்டேன். தண்டிப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பது மேல். உறுத்துவது வேறு. வேகமாக ஓட்டுகிறவனை 'தெரியாமல் செய்துவிட்டான், சொன்னால் திருந்துவான்' என்று நம்புகிற கருணை யாருக்குக் கிடைக்கிறது? நம்ம பசங்க மூணு பேர் ஒரு பைக்கில் போய் மாட்டினால் வகுப்பா எடுக்கிறான்? அந்த ஊரில் 12 புள்ளி சேர்ந்த பிறகும், லைசென்ஸ் போனால் தாங்கமுடியாத கஷ்டம் வரும் என்று கோர்ட்டில் வாதாடித் தப்புகிறவர்கள் உண்டு. வாதாட வக்கீல் வேண்டும். வகுப்பும் வக்கீலும் சேர்ந்தால் தவறு மன்னிக்கப்படுகிறது.

ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று நினைக்கும்போது எனக்குச் சாலிஸ்கான் ஞாபகம் வருகிறது. 1929. பாபாசாகேப் ரயிலைவிட்டு இறங்குகிறார். குதிரைவண்டிக்காரர் யாரும் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டத் தயாராயில்லை. தலைவரை நடக்கவிடுவதா என்று மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள், ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒருவர் உட்கார்ந்து ஓட்டினார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் தடுக்கியது. அம்பேத்கர் கல்தரையில் வீசப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. போலீஸ் கணக்கில் அது என்ன? ஓட்டுநரின் அஜாக்கிரதை. ஓட்டத் தெரிந்தவன் ஏன் ஓட்டவில்லை என்று கேட்கிற பாரம் எந்த ஸ்டேஷனிலும் இல்லை.

நம்ம நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் மின்னணுக் கண்காணிப்புக்கு 136ஏ பிரிவு. பறிமுதல் ஆன லைசென்ஸைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். காருக்கு வேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். கூலிக்கு டாக்சி ஓட்டுகிறவனுக்கும் அதுதான், ஐம்பது லட்ச ரூபாய் காருக்கும் அதுதான். 2021 விதிகளில், ஆபத்து அதிகமான நெடுஞ்சாலைப் பகுதிகளில் கேமரா வைக்கச் சொல்கிறார்கள். 2022இல் இந்தியாவில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 64 பேர் நடந்துபோனவர்கள் அல்லது இருசக்கர வண்டியில் போனவர்கள்.

ஆகவே, அந்தத் தம்பிக்கு என் பதில்: எதிர்க்க வேண்டாம். கேட்டு வாங்குவோம். நகரத்துச் சிக்னலில் எண்ணிக்கை காட்டுவதற்கு இல்லை, நம் காலனி ரோட்டைக் கடக்கிற இடத்தில். அபராதம் வருமானத்தைப் பார்த்துப் போடு என்று கேட்போம். கம்பம் எங்கே நடுவது என்று முடிவெடுக்கிற கமிட்டியில் நாற்காலி கேட்போம்.

போன வருஷம் எங்கள் காலனி சார்பில், பெரியம்மா செத்த இடத்தில் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொடுத்தேன். நாலு மாதம் கழித்து இரண்டு இரும்புத் தடுப்பு கொண்டுவந்து போட்டார்கள். இரண்டிலும் நகைக்கடை விளம்பரம். அடுத்த வாரமே ஒன்றை லாரி இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. இன்னொன்றில் இப்போது எங்கள் ஆட்கள் துணி காயப்போடுகிறார்கள். அடுத்த மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க.