மண்ணும் தூணும் பகிரும் பாரம்

வானளாவும் மாளிகையைக் கண்டு வியப்போர் பலர்; அதனைத் தாங்கிநிற்கும் மண்ணை எண்ணுவோர் சிலரே. எத்துணை வலிய கட்டடமாயினும், அதன் பாரம் முழுவதும் இறுதியில் மண்ணையே சேர்கின்றது. அம்மண் இளகியதாயின் பொறியியலாளர் செய்வது யாது?

ஜேர்மனியின் பிராங்போட் நகரம் இவ்வினாவுக்கு விடைதந்த இடங்களுள் ஒன்று. அந்நகரின் அடியில் தடித்த களிமண் படை பரந்து கிடக்கின்றது. களிமண் பாரம் ஏறியவுடன் முற்றாக இறங்கிவிடுவதில்லை. அதனுள் அடங்கிய நீர் சிறிது சிறிதாகப் பிழியப்பட, அது ஆண்டுக்கணக்கில் மெல்ல அமிழும். அங்கு அகன்ற கொங்கிறீற்றுத் தளத்தின்மீது மாத்திரம் எழுப்பப்பெற்ற உயர்ந்த கட்டடங்கள் சில 20 சென்ரிமீற்றருக்கு மேலும் இறங்கின. கட்டடம் எங்கும் ஒரே அளவாக இறங்கின் தீங்கு குறைவு. ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இறங்கின், சுவர் வெடிக்கும், கட்டடம் சாயும்.

இதற்கு மருந்தாக அமைந்ததே தளமும் தூணும் கூடிய அத்திவாரம். பாரம் முழுவதையும் ஆழத்தூண்களே சுமக்கவேண்டும் என்பது பழைய விதி. புதிய முறையிலோ, தளமும் அதன்கீழ் நிலத்துள் வார்க்கப்பெற்ற தூண்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தூண்களின் தலையாய பணி, இறக்கத்தைக் குறைப்பதாகும்.

ஆயினும், யார் எவ்வளவு சுமப்பர் என்று கணிப்பது எளிதன்று. ஒரு தூண் அழுந்தும்போது சுற்றியுள்ள மண்ணையும் உடன் இழுக்கின்றது; அதனால் அயலிலுள்ள தூணும் தாழ்கின்றது. தளம் மண்ணை அழுத்த, அம்மண் தூண்களை நெருக்குகின்றது. ஒன்றைத் தொட்டால் அனைத்தும் அசையும்.

இச்சிக்கலை அவிழ்க்க உதவுவது முடிவுறு மூலக முறை. 1960ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் றே கிளவ். மண், தளம், தூண் ஆகிய அனைத்தையும் கணக்கிலே ஆயிரக்கணக்கான சிறு துண்டங்களாகப் பகுப்பர். ஒவ்வொரு துண்டமும் எவ்வளவு விசைக்கு எவ்வளவு நெளியும் என்பதைச் சமன்பாடாக எழுதுவர். அடுத்தடுத்த துண்டங்கள் பொருந்துமிடத்தில் பிளவு தோன்றலாகாது என்பது நிபந்தனை. அச்சமன்பாடுகள் அனைத்தையும் கணினி ஒருங்கே தீர்த்து, ஒவ்வோரிடத்தின் இறக்கத்தையும் கூறும்.

பிராங்போட்டில் 1988 முதல் 1991 வரை எழுப்பப்பெற்ற மெஸ்ஸெற்றூர்ம் என்னும் கண்காட்சிக் கோபுரம் ஏறத்தாழ 256 மீற்றர் உயரமுடையது. அதன் தளம் நடுவில் 6 மீற்றர் தடிப்புடையது. அதன்கீழ் 64 தூண்கள் மூன்று வளையங்களாக நிற்கின்றன. இவ்வகைத் தளம் நடுவிலேயே மிகுதியாகத் தாழ முனையும். ஆதலின் உள்வளையத் தூண்கள் ஏறக்குறைய 35 மீற்றர் நீளமாகவும், வெளிவளையத் தூண்கள் 27 மீற்றர் அளவிலும் அமைந்தன. அத்திவாரத்துள் அளவுக் கருவிகளும் பொருத்தப்பெற்றன. தூண்கள் பாரத்தில் பாதிக்குச் சற்று மேலாகச் சுமப்பதையும், எஞ்சியதைத் தளம் நேரே மண்ணிற் செலுத்துவதையும் அவை காட்டின. பிற்காலத்தில் ஆய்வாளர் முடிவுறு மூலக முறையால் மீளக் கணித்து, அந்த அளவீடுகளோடு ஒப்புநோக்கினர்.

அவ்வொப்புநோக்கே இம்முறையின் உயிர். மண்ணின் விறைப்பைப் பிழையாகக் கொடுத்தால், கணினி பிழையான விடையையே துல்லியமாகத் தரும். தோண்டி எடுத்த மண்மாதிரியோ, எடுக்கும்போதே தன் இயல்பிற் சிறிது இழந்துவிடுகின்றது. ஆகவே, கணக்கிட்டபின் அளந்து பார்ப்பதும், அளந்தபின் கணக்கைத் திருத்துவதும் பொறியியலாளர் கடமைகளாம். மாளிகையில் வாழ்வோரின் நலம் அக்கடமையிலேயே தங்கியுள்ளது.