இனாமும் சுயமரியாதையும்

(ஆம்பூரில் தோல் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகவும் அற்பமானது என்றும், இதற்கு ஒரு கூட்டமும் ஒரு பிரசங்கமும் வேண்டுமா என்றும் உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஓட்டலில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது தட்டில் விடுகிற பத்து ரூபாயைப் பற்றியும், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் வாசலில் வந்து தலையைச் சொறிகிறவர்களுக்குக் கொடுக்கிற காசைப் பற்றியுமே பேசப்போகிறோம். கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசவேண்டிய நாம் பத்து ரூபாயைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்களானால், அந்தப் பத்து ரூபாய்க்குள்ளேயே சாதியும் இருக்கிறது, கடவுளும் இருக்கிறது என்பதுதான் நமது பதில்.

முதலில் நமது குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். சில காலத்திற்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டோம். பரிமாறினவர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். பில்லை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். நாம், "இனாம் என்பது கொடுக்கிறவனுக்கு அகங்காரம், வாங்குகிறவனுக்கு இழிவு, ஆகையால் நாம் கொடுப்பதில்லை" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டோம். அவர் சண்டைக்கு வரவில்லை. "அய்யா சொல்றது சரிதாங்க. ஆனா மொதலாளி குடுக்கிற சம்பளம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போயிடுது. அரிசி வாங்கறது தட்டுல வுழற காசுலதான். உங்க சுயமரியாதைக்கு எங்க வூட்டு அரிசிதானா கெடச்சுது?" என்றார்.

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. இனாம் இழிவு என்ற நமது கொள்கை சரியே. ஆனால் அந்தக் கொள்கைக்கு ஆகிற செலவை நாம் ஏற்றுக்கொள்ளாமல், அந்தக் கிழவர் தலையில் கட்டிவிட்டு வந்தோம். கொள்கை நம்முடையதாகவும் பட்டினி அவருடையதாகவும் இருந்தால், அது சுயமரியாதை ஆகுமா? கஞ்சத்தனத்திற்குக் கருப்புச் சட்டை போட்டது போலத்தான் ஆகும்.

தோழர்களே! இந்த ஆற்காட்டுச் சீமைக்கு இனாம் என்ற வார்த்தை புதியதல்ல. நவாபு காலத்திலும் கும்பினியார் காலத்திலும் இனாம் என்றால் தீர்வை இல்லாமலோ, குறைத்தோ விட்ட நிலம் என்று அர்த்தம். கோயிலுக்கும் மடத்திற்கும் வேதம் ஓதுகிற பார்ப்பனருக்கும் ஊர் ஊராகவே இனாம் போயிற்று. அவற்றை ஒழிக்க 1948-லும் 1963-லும் சட்டங்கள் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் சவரம் செய்தவருக்கும், துணி வெளுத்தவருக்கும், வெட்டியான் வேலை பார்த்தவருக்கும் கிடைத்தது என்ன? வருஷம் முழுவதும் ஊருக்கு உழைத்துவிட்டு, அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் துண்டை ஏந்தி நின்றால், முறப்படி நெல் விழும். இதற்கு மேரை என்று பெயர். பழைய கிராமக் கணக்குகளில் இதற்குச் 'சுதந்திரம்' என்றும் பெயர் உண்டு. துண்டை ஏந்தி நின்று வாங்குவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த நாடு நமது நாடு!

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். கூலி என்று பேசாமல் ஒருவருக்குக் கொடுக்கிற காசுக்கு நம்மிடம் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அர்ச்சகனுக்குக் கொடுத்தால் தட்சணை. உத்தியோகஸ்தனுக்குக் கொடுத்தால் மாமூல். பரிமாறுகிறவருக்கும் குப்பை எடுக்கிறவருக்கும் கொடுத்தால் இனாம். காசு ஒன்றுதான். ஆனால் தட்சணை கொடுக்கும்போது கொடுக்கிறவன் குனிகிறான், வாங்குகிறவன் நிமிர்ந்து ஆசீர்வாதம் செய்கிறான். இனாம் கொடுக்கும்போது வாங்குகிறவன் குனிகிறான், கொடுக்கிறவன் நிமிர்கிறான். மாமூலில் இருவரும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். காசு எந்தத் திசையில் போனாலும், மேல்சாதிக்காரனும் அதிகாரியும் குனிவதில்லை, உழைக்கிறவனே குனிகிறான். இது வழக்கமா, மனுதர்மமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உண்டியலில் காசு போட்டு, "பையனுக்கு வேலை கிடைக்கட்டும்" என்று வேண்டிக்கொள்ளுகிறவனுக்கு, ஆபீசில் கவர் கொடுப்பது தப்பாகத் தோன்றுமா? கடவுளே வாங்கும்போது குமாஸ்தா வாங்கினால் என்ன என்றுதான் தோன்றும்.

இதனால் பெண்களுக்கு உண்டாகும் அவமானத்தைச் சொல்லுகிறோம். இங்கு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இது தெரியும். நாட்டில் பல இடங்களில் பிரசவ வார்டில் குழந்தை பிறந்த சேதியைச் சொல்லவே காசு. அதிலும் ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் அதைவிடக் குறைந்த தொகை. தாயின் வலி ஒன்றே, கழுவித் துடைத்த வேலையும் ஒன்றே. அப்படியிருக்க, பிறந்த நிமிஷத்திலேயே பெண்ணுக்கு விலை குறைத்துச் சீட்டுக் கட்டுகிற இந்த வழக்கத்திற்குச் சந்தோஷ இனாம் என்று பெயர்!

இனாம் உயிரையும் வாங்கும். செப்டிக் டேங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் செய்தார்கள். இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. இருந்தும் ஆட்கள் இறங்குகிறார்கள். எப்படி? "கூலிக்கு மேல் அய்ந்நூறு தருகிறேன், குவார்ட்டருக்கும் காசு தருகிறேன், சட்டென்று இறங்கி வந்துவிடு" என்கிற இனாமினால்தான். விஷவாயுவுக்கு இனாம் தெரியாது. தோல் ஊறுகிற தொட்டியின் நாற்றம் அறிந்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. அமெரிக்காவில் 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்த கையோடு புல்மன் என்கிற முதலாளியின் கம்பெனி, தூங்கும் வசதியுள்ள ரயில் வண்டிகளில் வேலை செய்ய, விடுதலையான கருப்பு மக்களையே ஏராளமாகச் சேர்த்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பிரயாணிகளின் பக்ஷீசில் தேடிக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலாளிக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. முதலாளியின் பெயர் ஜார்ஜ் ஆனதால், எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். நம் ஊரில் நரைத்த தலையைப் பார்த்து "டேய் பையா" என்று கூப்பிடவில்லையா, அதே கதைதான்.

ஆனால் 1925-ஆம் வருஷத்தில், அதாவது ஈரோட்டில் 'குடி அரசு' தோன்றிய அதே வருஷத்தில், ராண்டால்ஃப் என்பவர் தலைமையில் அந்தத் தொழிலாளிகள் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, சம்பளத்தை உயர்த்தியும் வேலை நேரத்தைக் குறைத்தும் வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1909 முதல் அமெரிக்காவில் சில மாகாணங்கள் பக்ஷீசைக் குற்றமாக்கிச் சட்டம் செய்து பார்த்தன. 1926-க்குள் எல்லாம் ரத்தாகிவிட்டன. சம்பளத்தை உயர்த்தாமல் இனாமை மட்டும் தடுத்தால் அது நிற்காது என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம். அந்தத் தேசத்தில் பக்ஷீஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டிய குறைந்த கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991-ல் வைத்த கணக்கு அது, இன்னும் உயரவில்லை. மற்றவர்களுக்கு 7.25 டாலர். வாடிக்கைக்காரன் கொடுக்கிறான் என்று சொல்லியே முதலாளி தப்பித்துக்கொள்ளுகிறான். ஜப்பானிலோ இனாம் கொடுக்கிற வழக்கமே இல்லை. கொடுத்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் அங்கு யாரும் மரியாதைக் குறைவாகப் பரிமாறுவதில்லை.

நம் நாட்டிலும் இனாமை உரிமையாக்கிய ஒரு காரியம் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் முதலாளி மனம் குளிர்ந்தால் தீபாவளிக்கு வேட்டியும் இனிப்புப் பொட்டலமும் கொடுப்பான். 1965-ல் போனஸ் சட்டம் வந்து, சட்டத்திற்கு உட்பட்ட தொழிலாளிக்குக் குறைந்தது 4 விகிதம், மேலே போனால் 20 விகிதம் என்று கணக்கு வைத்தது; பிறகு அந்தக் குறைந்த அளவு 8.33 விகிதமாக உயர்ந்தது. 2019-ல் செய்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குத்தான். பொட்டலத்திற்குக் கும்பிடு போட வேண்டும். போனசுக்குக் கையெழுத்துப் போட்டால் போதும். இதுதான் இனாமுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம். பெரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கவும், கூட நின்று போட்டோ எடுக்கவும் கட்டணம் கேட்டு வாங்கினார். இவ்வளவு என்று சொல்லி, பகிரங்கமாக, இயக்கத்திற்கு வாங்கினார். தலையைச் சொறியவில்லை, ஆசீர்வாதமும் செய்யவில்லை.

சரி, நாளைக் காலையில் நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நமது அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம்.

முதலாவது, சர்க்கார் சம்பளம் வாங்குகிறவருக்குச் சர்க்கார் வேலைக்காக ஒரு காசும் கொடுக்கக்கூடாது. 1988-ஆம் வருஷத்துச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, கொடுக்கிறவனும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளைக்குள் புகார் கொடுத்துவிட்டால் தப்பலாம்.

இரண்டாவது, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் நூற்றுக்கு அய்ந்து முதல் பத்து வரை, பரிமாறினவர் கையிலேயே கொடுங்கள். அவர் சிரித்தாரா, கும்பிட்டாரா என்று பார்த்துக் கூட்டிக் குறைக்காதீர்கள்; கும்பிடுக்கு விலை வைத்தால் கும்பிடு வளரும். பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால், அது பரிமாறினவருக்குப் போகிறதா என்று கேளுங்கள். அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி, 2025-ல் டில்லி ஐகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்திருக்கிறது.

மூன்றாவது, கூலி பேசிச் செய்யும் வேலைக்கு, ஆட்டோவானாலும் சவரமானாலும், கேட்ட நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இருபது ரூபாய்க்குப் பேரம் பேசி ஜெயித்துவிட்டு, பத்து ரூபாய் இனாம் கொடுத்துத் தர்மப்பிரபு ஆகிறவனைவிட, முழுக் கூலி கொடுத்து இனாமே கொடுக்காதவன் மேல்.

நான்காவது, எரிவாயு உருளையின் பில்லில் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியும் சேர்ந்தே இருக்கிறது. ஆகையால் அதிகம் கேட்பதைச் சட்டமாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஏஜென்சியைக் கேளுங்கள். ஆனால் உள்ளே 14.2 கிலோ எரிவாயுவும் வெளியே இரும்புமாக முப்பது கிலோ அளவுள்ள பாரத்தை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தவருக்குப் படிக்கூலி கொடுப்பது இனாமல்ல, கடன்.

அய்ந்தாவது, பண்டிகைக் காசை எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுங்கள். தெருக் கூட்டுகிறவருக்கு முதலில் கொடுங்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தித் தூரத்திலிருந்து போடாமல், பெயரைச் சொல்லி அழைத்து, உட்காரச் சொல்லிக் கையில் கொடுங்கள்.

கடைசியாக, நீங்களே நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவராயிருந்தால் இனாமைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மாதச் சம்பளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து நமது கூட்டத்தில் கைதட்டுங்கள்.

வாங்குகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுப்பதை நிமிர்ந்து வாங்குங்கள். "எஜமான் இஷ்டம்" என்று சொல்லாதீர்கள். அந்த இஷ்டம்தான் உங்கள் கழுத்துக் கயிறு. வேலைக்கு விலை இவ்வளவு என்று சொல்லப் பழகுங்கள். தனியாகச் சொன்னால் வேலை போகும்; சேர்ந்து சொன்னால் சம்பளம் உயரும். புல்மன் வண்டித் தொழிலாளிகளுக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது என்பதையும் மறக்காதீர்கள்.

அந்தப் பிரியாணிக் கடைக்கு நாம் மறுபடியும் போனோம். கிழவரிடம் நமது தப்பிதத்தைச் சொல்லி, அன்றைக்குக் கொடுக்காததையும் சேர்த்துக் கொடுத்தோம். அவர் பழைய பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு உள்ளது போதுங்க" என்று சொல்லி, ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நம்மிடமே திருப்பித் தந்தார். நாம் சுயமரியாதையைப் பற்றிப் பேசினோம், அவர் காட்டினார்.

நாம் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.