நடுவில் நிற்பவரின் பாடு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தலைமைத்துவம் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். தலைவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் தலைவருக்குக் கீழும் பணியாளருக்கு மேலும் இருப்பவரைப் பற்றிப் பேசுகிறேன். நம்மில் பலர் அந்த இடத்தில்தான் இருக்கிறோம். பகுதித் தலைவி, உப அதிபர், வார்ட் சிஸ்டர், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுப்பவைசர். நானும் பிரதேச நிர்வாகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தே ஓய்வு பெற்றேன்.

தீவகத்துக்கு இந்த இடம் புதிதல்ல. அந்தக் காலத்தில் மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், அவருக்கும் கீழே விதானையார். மேலே கச்சேரி, கீழே ஊர். 1963இல் அந்தக் கிராமத் தலைமைக்காரர் முறை போய்க் கிராம சேவகர் வந்தார். இன்று அவர் கிராம அலுவலர். ஆனாலும் எங்கள் சனம் இன்னும் "விதானையார்" என்றுதான் கூப்பிடுகிறது. தென்னிலங்கையில் தீவக வர்த்தகர்கள் நடத்திய கடைகளிலும் முதலாளிக்கும் பெடியங்களுக்கும் நடுவில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவர்கள் எல்லோரும் அறிந்திருப்பார்கள்.

முதலாவது சங்கடம் உறவு. சிறிய தீவில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் பெரியம்மாவின் மகளாக இருப்பார். உங்களுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்தவரின் மருமகளாக இருப்பார். ஒரு மூத்த உத்தியோகத்தரின் லீவை நான் மறுக்க வேண்டி வந்தது. "நீர் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை உம்மைத் தூக்கி வைச்சிருந்தனான். இப்ப நீர் எனக்கு ஓடர் போடுறீரோ?" என்று கேட்டார். "அக்கா, வீட்டிலை நீங்கள் சொன்னால் நான் கேட்பன். இஞ்சை அந்தக் கிழமை வேறை ஆள் இல்லை. லீவுப் புத்தகத்தை ரெண்டு பேருமாய்ப் பாப்பம்" என்றேன். பார்த்தோம். வேறு நாள் தானாகவே சொன்னார்.

அமெரிக்காவின் மேரி பார்க்கர் ஃபொலெற் என்ற அம்மையார் 1925இலேயே கட்டளையிடுவது பற்றிய ஓர் உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். கட்டளையை ஆளிடமிருந்து பிரித்துவிட்டு, நிலைமை என்ன கேட்கிறது என்பதை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. லீவுப் புத்தகத்தை நடுவில் வைத்தபோது நானும் அதைத்தான் செய்தேன். "அக்கா" என்ற சொல்லையும் விடவில்லை, விதியையும் விடவில்லை.

இரண்டாவது, நேற்றுவரை ஒன்றாகச் சோற்றுப் பாசலைப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கு இன்று மேலதிகாரியாவது. நீங்கள் வந்ததும் கதை நின்றுவிடும். பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு: கண்டிப்பாக இருந்தால் தலைக்கனம் என்பார்கள், இளகினால் ஆளத் தெரியாது என்பார்கள். அதற்கு மருந்து ஒன்றுதான். தோழிக்கும் மற்றவருக்கும் ஒரே அளவுகோல். சில மாதம் தனியே சாப்பிட வேண்டி வரும். பிறகு வந்து இருப்பார்கள்.

மூன்றாவதுதான் மிகப் பாரமானது: மேலே உண்மை சொல்வது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு இன்றும் கடல்வழிதான். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காற்று எழும்பினால் அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கதிரையில் இருப்பவருக்குப் படகு தெரியாது. படகில் வருபவருக்குச் சுற்றுநிருபத்தின் காரணம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நடுவில் இருப்பவர் ஒருவரே.

அயல் அலுவலகம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு நாளாந்தம் கடல் தாண்டி வந்த ஓர் இளம் உத்தியோகத்தருக்குப் படகு பிந்திய நாளெல்லாம் அரைநாள் லீவு வெட்டப்பட்டது. அவருக்கு மேலே இருந்தவர் நல்லவர்தான். "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்றார். மேலிடத்திடம் ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார். கஷ்டப் பிரதேசத்துக்கு அவருடைய இடத்தில் இன்னொருவர் இலகுவில் வரவில்லை. அலைந்தது சனம்.

மேலே போய்ச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. முறைப்பாடாகப் போகாமல் ஒரு வழியோடு போங்கள். "எட்டரைக் கூட்டத்துக்குத் தீவு உத்தியோகத்தர் வரமுடியாது" என்பதோடு நிறுத்தாமல், "முதல் படகில் வருபவர்களும் சேரக்கூடியதாகப் பத்தரைக்கு வைத்தால் எல்லோரும் இருப்பார்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அதேபோல, கீழே வரும்போது "அவை சொல்லினம்" என்று உத்தரவைக் கைகழுவாதீர்கள். காரணத்தைக் கேட்டறிந்து வந்து சொல்லுங்கள். பாராட்டு வந்தால் செய்தவரின் பெயரைச் சொல்லுங்கள். ஏச்சு வந்தால் எல்லோர் முன்னும் இறக்கிவைக்காமல், உரியவரைத் தனியே கூப்பிட்டுக் கதையுங்கள். எல்லாவற்றையும் நீங்களே விழுங்கிச் சுகத்தையும் கெடுக்காதீர்கள். அதே தரத்தில் இருக்கும் ஒருவரோடாவது மனம்விட்டுப் பேசுங்கள். இந்தச் சங்கம் அதற்கும்தான் இருக்கிறது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவிகளுக்கு ஒரு சொல். நீங்கள் எல்லோரும் அதிபராகவோ பணிப்பாளராகவோ வருவீர்களோ தெரியாது. ஆனால் அனேகமாக எல்லோரும் ஒருநாள் நடுவில் நிற்பீர்கள். அன்றைக்கு உங்களுக்குக் கீழே இருப்பவர் எந்தப் படகில் வருகிறார் என்று கேட்டறிந்து வையுங்கள்.