அச்சுவேலியிலிருந்து இலண்டனுக்கு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மனிதர் தமிழ்ப் புலவராகப் பெயர் பெற்றவரல்லர். ஆங்கிலத்திலே பாடினார், ஆங்கிலேயரின் தலைநகரிலேயே கவிதைப் பத்திரிகை நடத்தினார். ஆயினும் அவர் பிறந்தது வெங்காயமும் புகையிலையும் விளையும் அச்சுவேலிச் செம்மண்ணிலேதான். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்த எம். ஜே. தம்பிமுத்துவையே குறிப்பிடுகின்றோம்.

ஒருவன் வேற்று மொழியில் எழுதினால் அவன் நம்மவனாவானா என்று கேட்போர் உளர். வழக்கைச் சாட்சியங்கொண்டு விசாரிப்போம். அவருடைய பாட்டனார் தம்பிமுத்துப்பிள்ளை அச்சுவேலியில் அச்சியந்திரசாலை நடத்தித் தமிழ் நூல்களை வெளியிட்டவர். சுவாமி ஞானப்பிரகாசரின் வளர்ப்புத் தந்தையும் அவரே. மையின் மணம் பேரனுக்கு இலண்டனில் வந்ததன்று.

1938இல் இலண்டன் சேர்ந்த அவ்விளைஞர், மறு ஆண்டு பெப்ரவரியில் 'பொயட்ரி லண்டன்' முதல் இதழை வெளியிட்டார். எலியட்டின் 'கிரைற்றீரியன்' நின்றுபோனது அதற்கு முந்திய மாதம். சில மாதங்களில் யுத்தம் மூண்டது. கடதாசிக்குப் பங்கீடு வந்தது. அந்நாளிலும் கத்லீன் ரெய்ன், டேவிட் காஸ்கோயின் போன்றோரின் நூல்களை 1943இல் ஓவியங்களோடு பதிப்பித்தார். குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்கப் பாதைகளில் உறங்கிய மக்களை ஹென்றி மூர் வரைந்த சித்திரங்கள் 1945இல் நூலாயின. வெளியிட்டவர் நம் அச்சுவேலியார். அவருடைய பத்திரிகையின் சின்னம் யாழ்ப்பறவை. யாழ்ப்பாணத்தான் வேறெதைத் தேர்வான்?

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கமாட்டோம். கீத் டக்ளஸ் என்னும் இளம் படைவீரர், அலமெயின் போரிற் தாங்கிப் படையோடு நின்றவர், தம் எழுத்துக்களைத் தம்பிமுத்துவிடம் ஒப்படைத்தார். 1944 ஜூன் 9ஆந் திகதி நோர்மண்டியில் மாண்டார், வயது 24. அவரது போர்க்கள நூல் 1946இலும், கவிதைத் தொகுதி 1951இலுமே வெளிவந்தன. ஏழாண்டுத் தாமதம்! கையெழுத்துப் பிரதிகளைக் கண்ட இடத்திற் போடுபவர், மதுச்சாலைகளிற் பொழுதைக் கழிப்பவர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. சோஹோவிற் சுற்றித் திரிந்தால் எழுத்து வேலை நடவாது என நண்பரொருவரை எச்சரித்தவர் அவரே. அந்நோய் அவரையும் விட்டதில்லை. ஆனால் பெயரறியாத வாலிபரின் ஏட்டைப் படித்து, இது கவிதை என்று அறிந்த கண்ணை யார் மறுப்பர்?

அவருடைய சொந்தக் கவிதைகள் பதிப்புப் பணிக்கு நிகராகா என்பதே நம் கருத்து. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1948இல் எலியட்டின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையாகிய இவர் காணிக்கையாக்கிய பாடலின் பெயர் 'நடராஜா'. சிலுவையும் தில்லைக் கூத்தும் அவர் உள்ளத்திற் சண்டையிடவில்லை.

பின்னர் நியூயோர்க் சென்று 1956 முதல் 1960 வரை அங்கும் இதழ் நடத்தினார். 1983இல் இலண்டனில் இறந்தார். 1989இல் ஆங்கில நண்பர்கள் அவருக்கு நினைவு நூலொன்று வெளியிட்டனர். நாம் என்ன செய்தோம்? நம் வாசிகசாலைகளில் எத்தனையில் அந்நூல் இருக்கிறது? அவர் தொகுத்து 1942இல் வந்த யுத்தகாலக் கவிதைத் திரட்டு எங்கே? கமக்காரர் ஒரு கடகம் வெங்காயத்தின் விலையையும், உத்தியோகத்தர் ஒரு நாட் சம்பளத்தையும் தந்தால், அடுத்த ஆகஸ்டுக்குள் இவ்விரண்டையும் அச்சுவேலிக்கு வரவழைக்கலாம். முதற் பணத்தை நாம் இம்மேடையிலேயே வைத்துவிட்டு அமர்கின்றோம்.